இடப்பக்கத்து மாடு

பண்டாரவளை ரயில் நிலையத்துக்குத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப்போய், தோட்டங்களுக்கு அரிசி கொண்டுவரும் எங்கள் மாட்டு வண்டிகளின் கணக்கப்பிள்ளை நான். கிழடான மாடுகளை மழைக்கு முன்பே கழித்து மாற்றும் முடிவைப் பதுளை முதலாளி என்னிடமே விட்டிருந்தார்.

அந்த வருடம் ஒரு மாட்டில்தான் தயங்கினேன். மனைவி இறந்தபின் நான் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தனியாகக் கிடந்தேன். சாயங்காலம் வந்து, நான் இருவருக்கும் போடும் தேத்தண்ணீரைக் குடித்தபடி உட்கார்ந்து பேசுபவன் அதன் வண்டிக்காரன் ஒருவனே. வண்டியின் இரண்டு காளைகளையும் கன்றிலிருந்து பழக்கியவன். இடப்பக்கம் கட்டும் அந்தக் கிழட்டு மாடு போனால் தானும் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான்.

மாட்டின் பல் தேய்ந்திருந்தது. நடையில் மட்டும் குறையில்லை. நம்ப முடியாமல், அரிசி மூட்டைகளோடு திரும்பிய அவன் வண்டியில் நானும் ஏறினேன். தெமோதரை இறக்கத்தில் அவன் சட்டென்று குதித்தான். நுகத்தடியின் இடது முனையைத் தோளில் தாங்கிப் பின்னுக்குத் தள்ளியபடியே நடந்தான். பாரம் மாட்டின் மேல் இல்லை, அவன் மேல் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"போன மழையிலருந்துங்க. மேட்டுல அது இழுக்குது, பள்ளத்துல நான் புடிக்கிறேன். சம்பளம் ஒண்ணுதானே, ஒங்களுக்கு என்ன நட்டம்?"

"கால் வழுக்கினா சக்கரம் உன் மேலதான் ஏறும்."

"அப்ப மாட்டோட சேத்து என்னையும் கழிச்சிருங்க. எம் பல்லையும் பாக்குறீங்களா?" வாயைப் பிளந்து காட்டினான். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

மறுநாள் மாற்றச் சொன்னேன். ஒன்றை மட்டும் மாற்றினால் வலப்பக்கத்தது புதிய மாட்டோடு நடக்காது. ஜோடியையே மாற்ற வேண்டியதாயிற்று. கழித்த மாடுகள் கசாப்புக்குப் போவது வழக்கம். முதலாளியிடம் பேசி, கிழட்டு மாட்டை அவனுக்கே வாங்கிக் கொடுத்தேன். வலப்பக்கத்தது ஒற்றை மாட்டு வண்டிக்காரன் ஒருவனுக்கு விலைபோயிற்று. லுணுகலைப் பக்கம் தங்கை இருக்கும் தோட்டத்துக்கு ஓட்டிப்போகத் தயாரானான்.

"நீயாவது இரேன். வேற ஜோடி தர்றேன்."

"கோவமில்லீங்க. வேற மாட்டுக்குப் பின்னாடி ஒக்கார மனசு வரல. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

கயிற்றைப் பிடிக்காமலே முன்னால் நடந்தான். மாடு பின்னால் போயிற்று. புது வண்டிக்காரன் கெட்டிக்காரன், மரியாதையானவன். வேலை முடிந்ததும் கும்பிட்டுவிட்டுத் தன் ஆட்களிடம் போய்விடுகிறான். இறக்கத்தில் இப்போது யாருக்கும் ஆபத்தில்லை. ஆறு மணிக்கு அடுப்பை மூட்டுகிறேன். ஒரு கோப்பைத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது.