நான் உள்ளே போகாத விசாரணை

யார் எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டுவிடுவது என்னுடைய கெட்ட பழக்கம். ஆனால் அதை நான் பழக்கம் என்று ஒப்புக்கொண்டதில்லை, வேலைமுறை என்றுதான் சொல்லிக்கொள்வேன். பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்களுக்காக வாதாடும் ஓர் அமைப்பில் இருபத்தெட்டு வருடங்களாக இருக்கிறேன். இப்போது மூத்த பொறுப்பு. தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, கூட்டங்களில் முன்வரிசை நாற்காலி எல்லாம் உண்டு. ஆனால் தாராவியில் ஒரு பெண் தனக்கு நடந்ததைப் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்லமாட்டாள். அவள் போட்டுத் தரும் டீயைக் குடித்து, தட்டில் வைத்த முறுக்கைக் கடித்து, உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பாள். வேண்டாம் என்றால் போயிற்று. நம் வீட்டில் கைநனைக்காதவளிடம் என்ன பேச்சு என்று நினைத்துவிடுவாள். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வுகள்.

இங்கே வரும் யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். சட்டம் அனுமதிக்காது என்பது ஒன்று. நான் இப்போது சொல்லப்போகிறவள் அனுமதிக்கமாட்டாள் என்பது அதைவிடப் பெரிது. மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருப்பவள், முப்பது தாண்டியவள், தாராவியில் ஒரு தையல் பட்டறையில் ஜீன்ஸுக்கு ஜிப் வைக்கும் வேலை. பட்டறை முதலாளியும் அவளைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அந்த அண்ணாச்சி மாடியில் துணிக்கட்டு அடுக்கும் அறைக்கு அவளை எதற்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்பதை அவள் என்னிடம் சொல்லி முடிக்க நான்கு டீ ஆயிற்று.

முதலாளி மேலேயே புகார் என்றால் பட்டறைக்குள் யார் விசாரிப்பது? அதற்கென்று இருக்கும் மாவட்டக் குழுவிடம் போனோம். விசாரணைக்கு ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார்கள். நடந்ததை அவள் தன் வாயால் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் உட்காரலாம். அவள் வராவிட்டால் புகார் அதோடு படுத்துவிடும். உனக்கு இதில் என்னதான் வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு கூப்பிட்டு நான் போகலக்கா, நானாத்தான் மாடியேறிப் போனேன்னு கேம்பு முழுக்கச் சொல்லுதாவ. அவருதான் கூப்பிட்டாரு, தப்பு அவரு மேலதான்னு ஒரு தாளுல வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை, நவராத்திரி. செம்பூரில் என் பள்ளித்தோழி வீட்டுக் கொலுவுக்குப் போனேன். கிளம்பும்போது எதிர் ஃப்ளாட் அம்மாள் கதவைத் திறந்து, "இங்க வரைக்கும் வந்துட்டு எங்க வீட்டுக் கொலுவப் பாக்காமப் போலாமா? குங்குமம் மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தார். நவராத்திரியில் குங்குமத்துக்குக் கூப்பிட்டால் மறுக்கக்கூடாது என்பது எங்கள் மாட்டுங்கா வீடுகளில் பால்குடியோடு வருவது. போனேன். ஒன்பது படி, தெர்மாகோல் மலை, மலையைச் சுற்றி பாட்டரியில் ஓடும் ஒரு லோக்கல் ரயில். பாடச் சொன்னார்கள். சொன்னால் பாடிவிட வேண்டியதுதானே? சுருதியை எட்டாத உயரத்தில் எடுத்துவிட்டு, சரணத்தில் மூச்சுவாங்கினேன். பட்டாணிச் சுண்டல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ரவிக்கைத் துணியோடு வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். வீட்டுப் பெண் செல்போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

ஞாயிறு காலை அவள் போன் செய்தாள்.

"நாளைக்கு நான் வரலக்கா."

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"நீங்க பாட்டு பாடுனதப் பாத்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீடியோவை அனுப்பினாள். அந்த எதிர் ஃப்ளாட் அம்மாள்தான் அண்ணாச்சியின் மனைவி, அவர் வாட்ஸப்பில் வைத்த ஸ்டேட்டஸ் அது. பட்டறையில் எல்லோரும் பார்த்தாயிற்று. எதிர்க்கட்சிக்காரரின் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, கையில் வெற்றிலைத் தட்டோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பட்டறை விலாசம் எனக்கு மனப்பாடம். வீட்டு விலாசத்தை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"வெத்தல பாக்கு கை மாறிட்டுன்னா பேச்சு முடிஞ்சிட்டுன்னுதானக்கா அர்த்தம்? நம்மாளுவ சண்டையெல்லாம் அப்படித்தான முடிக்காவ. மேடம் பேசி முடிச்சிட்டாங்கன்னு அண்ணாச்சியே பட்டறையில சொல்லிட்டாராம்."

போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம், அவள் மேல். இருபத்தெட்டு வருடம் உழைத்தவளை ஒரு தட்டு சுண்டலை வைத்துச் சந்தேகப்படுவதா? அந்தக் கோபத்தோடுதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். லேபர் கேம்ப் வரை நடந்தேன். பாதி வழியில் கோபம் தீர்ந்து, வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் என்ன, என் மனதையா பார்க்க முடியும்? தட்டைத்தான் பார்த்தாள்.

கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், டீ போடவில்லை. அந்த வீட்டில் அது முதல் தடவை.

"தெரியாமத்தான் போனேன்" என்றேன். "ஆனா யார் வீடுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போக வேண்டியது என் பொறுப்பு. தப்பு என்னோடதுதான். குழுகிட்ட இத எழுதியே குடுக்கப் போறேன். ஒண்ணும் பேசி முடிக்கல, முடிக்கவும் மாட்டேன்."

துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சுண்டல் ரெண்டு தடவ வாங்குனீங்களோ?" என்றாள்.

"ஆமா."

"வீடியோவுலயே தெரிஞ்சுது" என்று சொல்லும்போது உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது. சரி, நாளைக்குக் காலையில் டாக்சியோடு வந்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் போறேன்க்கா. நீங்க உள்ள வர வேண்டாம். நீங்க பக்கத்துல இருந்தா, எங்க வீட்டுல சாப்பிட்டவதானன்னு அவரு உங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அதப் பாத்தா எனக்குப் பேச்சு வராது. நீங்க வெளிய இருங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

சுருக்கென்றது. என் வழக்குகளில் ஒருத்தியும் தனியாக உள்ளே போனதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்: முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியில். அங்கே வாயடைத்து என் பக்கம் திரும்புவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கேள்வி வந்தால் என்ன செய்வாய் என்றேன்.

"அதுக்குப் பதிலு உங்களுக்கா தெரியும்? எனக்குத்தான தெரியும்."

திங்கட்கிழமை காலை, கொலுவுக்குப் போன கதையை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுத் தலைவியிடம் கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. அவள் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. வரவே இல்லை. நான் எழுந்து கதவுப்பிடியில் கை வைத்துவிட்டேன். உள்ளே போயிருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்புறம் குரல் மறுபடி கேட்டது, முன்னைவிடக் கொஞ்சம் தடித்த குரலாக.

வெளியே வந்ததும் முதலில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"நடுவுல அழுதுட்டேன்க்கா. யாரும் ஒண்ணும் பேசல, பொறுத்திருந்தாவ. பெறவு நானே சொன்னேன்."

பொறுத்திருந்தார்களாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே உறுத்தலும். எத்தனை பெண்கள் அழுகையை நிறுத்தும்வரை காத்திராமல் நான் முந்திக்கொண்டு பேசியிருக்கிறேன்! அன்றைக்குப் பிறகு, உள்ளே வரட்டுமா வெளியே இருக்கட்டுமா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறேன். பெரும்பாலும் வாங்க என்றுதான் சொல்கிறார்கள். வேண்டாம் என்பவளும் உண்டு. பெஞ்சில் உட்கார இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது.

குழுவின் அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. அவள் அதற்குள் வேறு பட்டறைக்கு மாறியிருந்தாள். அறிக்கையை எடுத்துக்கொண்டு லேபர் கேம்புக்குப் போனேன். மராத்தியில் இருந்தது, அவளுக்குக் கேட்டால் புரியும், படிக்க வராது. தமிழில் சொல்லட்டுமா என்றேன்.

"வேண்டாம்க்கா. மராத்தியிலயே வாசிங்க. இங்க எல்லாருக்கும் புரியும்" என்று எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

சாயங்கால நேரம். சந்தில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், கீரை வாங்குகிறவர்கள், எதிர்வீட்டுப் படியில் நான்கைந்து பேர். இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது, சட்டத்தில் இருக்கிறது என்று மெல்லச் சொன்னேன்.

"என்னப் பத்திச் சொல்லக்கூடாதுன்னுதான சட்டம்? நானே சொல்லச் சொல்லுதேன். என்னப் பத்திப் பேசுனதெல்லாம் இந்தக் கதவுக்கு வெளியதான பேசுனாவ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வந்தது: முதலாளி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மாடிக்கு வரவழைத்தார், புகார்தாரர் விரும்பிப் போகவில்லை. படியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் வாசல் நிலையில் சாய்ந்து, சந்துப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"அந்த வரிய இன்னொரு தடவ வாசிங்கக்கா" என்றாள். "கொஞ்சம் சத்தமா."

வாசித்தேன்.