அதிகாரி வராத நாள்கள்

1994 செப்டம்பர் 12, திங்கள். ஆறு மணிக்கு எழுந்து தேநீர் குடித்தேன். வெளியே காட்டுத்தீயின் புகைமூட்டம், ஜன்னல்களைச் சாத்தினேன்.

எரிந்த மர வாசனையில் 1964 நினைவுக்கு வந்தது. ஜாலான் புசார் சாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரம் அறுக்கும் ஆலை. அப்பா அங்கே கொதிகலனுக்கு விறகு தள்ளினார். அதன் கரும்புகையால் நான்கு வயதுத் தங்கைக்கு இழுப்பு.

சுகாதார அதிகாரி சில நாள்களில் வந்து, சாம்பல் நிறக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையைப் புகைக்கு நேரே பிடித்து, அது எவ்வளவு கருப்பு என்று ஒப்பிடுவார். அன்று மட்டும் முதலாளி காய்ந்த விறகு கொடுப்பார். அன்று மட்டும் தங்கை நன்றாகத் தூங்குவாள்.

“அவரைத் தினமும் வரச் சொல்லுங்க,” என்றார் அம்மா அப்பாவிடம்.

“ஈர விறகு போடுறோம்னு நானே போய்ச் சொல்லவா? வேலை போயிடும்லா.”

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பியதும், அம்மா முதல் காரியமாகத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்கு நடந்தார்.