ட்ரக்டருக்குப் பின்னால் நடந்தவர்

லண்டனுக்கு வெளியே, கென்ட் பக்கத்துப் பண்ணை ஒன்றின் வயல் பாதை. ட்ரக்டர் இழுத்துப்போகும் பெட்டிக்குள், வைக்கோல் கட்டுகளின்மேல் நானும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் இன்னும் சில குடும்பங்களும் இருக்கிறோம். பின்னால், சக்கரங்கள் கிளறிவிட்ட சேற்றில், கறுப்புத் தோல் சப்பாத்துகளோடு அத்தான் நடந்து வருகிறார். பெட்டிக்குள் இடத்துக்குக் குறைவில்லை. என் பக்கத்திலேயே ஒருவர் தாராளமாக இருக்கலாம். மழை தூறுகிறது. திருப்பங்களில் வண்டியின் வேகம் குறையும்போது அவர் எங்களுக்குக் கிட்ட வந்துவிடுவார். வந்ததை உணர்ந்தவுடன் நடையைத் தாமதித்து, இடைவெளியை மறுபடி கூட்டிக்கொள்வார். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் அவரையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியை நிற்பாட்டச் சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம், அவருக்கு நடக்கத்தான் விருப்பம் என்றேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அதற்கு மேல் என்ன சொல்வது?

அக்காவும் அவரும் பிரிந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. சட்டப்படி அவர் எனக்கு அத்தான் இல்லை. ஆனால் பதினைந்து வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழகிய ஒருவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நல்ல மனிதர் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பகலில் அரைத் தூக்கம், அந்த அலுப்புக்கு ஒரு மிடறு என்று தொடங்கியது அவருடைய குடி. அது வளர்ந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழாவிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தவர், தென் லண்டன் ஸ்ட்ரெதத்தில் அவர்கள் வீட்டுத் தெரு முனையிலேயே காரை ஒரு மதிலில் கொண்டுபோய் மோதினார். மூத்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னவனுக்குத் தோள் எலும்பு உடைந்தது. அவனுக்கு அப்போது ஐந்து வயது.

நீதிமன்றம் அவருக்குப் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கொடுத்தது; மாதம் ஒருமுறை, வெளியிடத்தில், உறவினர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த உறவினராக என்னை நிறுத்தினார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பிறகும் ஆகவில்லை. தனி ஆள், நேரம் இருக்கும் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். கிழமை முழுக்க ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் மற்றவர்களின் வலியைக் கேட்டுவிட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்தக் காவலுக்குப் போவேன். போகமாட்டேன் என்று சொல்ல எத்தனையோ முறை வாய் வரை வந்திருக்கிறது. மூத்தவளின் முகத்தைப் பார்த்தால் அது உள்ளே போய்விடும்.

என் முதல் வேலை அவருடைய மூச்சை முகர்ந்து பார்ப்பது. அக்கா அதைச் சொல்லவில்லை, ஆனால் அதற்காகத்தான் என்னை அனுப்புகிறாள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் என்னைக் கண்டதும் பிள்ளைகளிடம் போகாமல் நேரே என்னிடம்தான் வருவார். மிகக் கிட்ட வந்து நின்று, தேவைக்கு அதிகமாக வாயைத் திறந்து, "சுகமோ பிள்ளை? வேலை எல்லாம் எப்பிடிப் போகுது?" என்று கேட்பார். புதினாவும் தேத்தண்ணியும் மணக்கும். "ஓம் அத்தான், சுகம்" என்று நான் ஓரடி பின்னால் வைத்த பிறகுதான் பிள்ளைகளின் பக்கம் திரும்புவார். நாங்கள் இரண்டு பேருமே அந்த நேரத்தில் மற்றவரின் கண்ணைப் பார்ப்பதில்லை.

மற்ற மாதங்களில் பூங்கா, அல்லது ஏதாவதொரு கோழிப்பொரியல் கடை. ஒக்டோபரில் மட்டும் பூசணித் தோட்டம். வகுப்பில் எல்லாரும் போகிறார்கள் என்று மூத்தவள் கேட்டதால் தொடங்கியது அது. லண்டனைச் சுற்றியுள்ள பண்ணைகள் இலையுதிர் காலத்தில் வயலைத் திறந்துவிடுகின்றன. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய், கொடியோடு கிடக்கும் பூசணிக்காய்களில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். சோளக் காட்டுக்குள் வழி தொலைக்கும் விளையாட்டு, முகத்தில் வர்ணம் தீட்டும் மேசை, வாசலிலேயே சூடாக்கிய ஆப்பிள் மதுவின் கடை. அந்தக் கடையின் வாசம் பாதித் தோட்டத்துக்கு வரும். அத்தான் அந்தப் பக்கம் போகாமல், வேலியோரமாகச் சேற்றுக்குள்ளால் சுற்றி வருவார். அவர் கையில் எப்போதும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் தமிழ்க் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் பை இருக்கும். பிரிந்த பிறகு அங்கேதான் ஓர் அறை எடுத்திருந்தார். அங்கிருந்து இரண்டு ரயில் மாறி, நிலையத்திலிருந்து பண்ணை வரை நடந்தே வருவார். கார் ஓட்டும் உரிமை அவரிடம் இல்லை. நான் போய் ஏற்றிக்கொள்ளவும் முடியாது. அவர் இருக்கும் காரில் சின்னவன் ஏறமாட்டான்.

காரில் மட்டும்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். முதல் வருடம், ட்ரக்டர் பெட்டியின் படியில் கால் வைத்த சின்னவன் திரும்பிப் பார்த்தான்.

"சித்தி, அப்பாவும் இதிலயோ வாறார்?"

"ஓம் ராசா."

காலை எடுத்துவிட்டான். "அப்ப நான் வரேல்ல. ப்ளீஸ் சித்தி. அப்பா ஏறினா நான் வரேல்ல."

பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அத்தான் குனிந்து, அவனைத் தொடாமல், "அப்பன், நீங்கள் ஏறுங்கோ. அப்பா நடந்து வாறன். எனக்குக் கால் விறைக்குது, நடந்தாத்தான் நல்லம்" என்றார். அப்படித்தான் அவர் நடந்தார். பூசணி வயலுக்குப் போகும்போதும் நடந்தார், திரும்பி வரும்போதும் நடந்தார். மூத்தவள் வழி முழுக்கப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னவன் ஒருமுறையும் திரும்பவில்லை.

அடுத்த வருடமும் அதே கதைதான். ஆனால் பாதி வழியில், வண்டி வயல் வேலியின் படலையைத் திறப்பதற்காக நின்றபோது, மூத்தவள் என்னைக் கேட்காமலே கீழே குதித்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இருவரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. சின்னவன் என் கோட்டுக்குள் முகத்தை வைத்திருந்தான். அன்றைக்கு நான் உள்ளுக்குள் எந்தப் பக்கம் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயந்த பிள்ளையை விட்டுவிட்டு மற்றவளைப் பார்த்துச் சந்தோஷப்பட என்னால் ஏலவில்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "பிள்ளையள் வடிவாச் சாப்பிட்டவையோ?" நான் அதற்கும் பதில் சொல்லி, அவள் கேட்காததற்கும் பதில் சொல்வேன்: "ஓம். ஒரு மணமும் இல்லை." அவள் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். பிள்ளைகள் கொண்டுவந்த பூசணிக்காய்கள் வாசல்படியில் இருக்கும். கறி வைக்கலாம், அவள் வைக்கமாட்டாள். எறியவும் மாட்டாள். நவம்பர் மழையில் அவை மெல்ல மெல்லத் தோல் சுருங்கி, உள்ளே இறங்கி, படியில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நான்தான் ஒருநாள் வந்து, தகட்டால் சுரண்டிக் கவுன்சில் குப்பைத் தொட்டிக்குள் போடுவேன்.

நாலாவது வருடமோ ஐந்தாவதோ, நாங்கள் பண்ணை வாசலுக்குப் போனபோது அத்தான் ஏற்கெனவே வந்திருந்தார். வழக்கம்போல என்னை நோக்கி வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமாக, தெரு விளிம்பில் நின்றார். நான் பிள்ளைகளை நுழைவு ரிக்கெட் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் போனேன். நான் கிட்டப் போகப் போக அவர் பின்னால் போனார்.

"வராதேயும் பிள்ளை. அங்கேயே நில்லும்."

நின்றேன்.

"ராத்திரி பிழை விட்டிட்டன். காலமையும் கொஞ்சம். ரயிலில வரேக்க நினைச்சன், மணம் போயிடும் எண்டு. போகேல்ல." ரோல்ஸ் பையை வேலிக் கம்பியில் கொளுவிவிட்டார். "பிள்ளையளுக்குக் குடும். நான் போறன். எனக்குத் தடிமன், காய்ச்சல் எண்டு சொல்லும். இல்லாட்டி உண்மையைச் சொல்லும். உம்மட விருப்பம்."

"இவ்வளவு தூரம் வந்து..." என்றேன்.

"வராமல் விட்டால் காத்துக்கொண்டு நிப்பினம்" என்றார். பிறகு திரும்பி, நிலையத்துக்குப் போகும் அந்தத் தெருவில் நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபடி நின்ற எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் எத்தனை சனிக்கிழமைகள் இப்படி என்ற ஒரே யோசனை. பிள்ளைகளிடம், அப்பாவுக்குச் சுகமில்லை, வந்து ரோல்ஸ் தந்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். மூத்தவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, விளங்கியிருக்கும். ரோல்ஸில் ஒன்றை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தாள்.

அக்காவிடம் நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மறைத்தால் பிறகு என்னையும் அவள் நம்பமுடியாது. சொன்னால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வழக்கறிஞருக்குப் போனால் போதும். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"தானாத்தான் திரும்பிப் போனவரோ?"

"ஓம். என்னைக் கிட்டவே வரவிடேல்ல."

"பிள்ளையளுக்குக் கிட்ட?"

"பார்க்கவே இல்லை அக்கா. நான் போனவுடன சொல்லிப்போட்டுப் போயிட்டார்."

அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலில் கார் மோதிய அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் அவள் இப்படித்தான் இருந்தாள். கடைசியில் எழும்பி, அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். "அப்ப அடுத்த மாதமும் கூட்டிக்கொண்டு போ" என்றாள். அவ்வளவுதான். அத்தானுக்கு நான் இதைத் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சத்தமே வரவில்லை. லைன் அறுந்துவிட்டதாக நினைத்து வைத்துவிட்டேன். பிறகு அவர் குடித்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. எனக்குத் தெரியாமல் என்ன நடந்தது என்று நான் யோசிப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். அதையும் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

சின்னவன் மனம் மாறியதற்கு நாங்கள் யாரும் காரணமில்லை. அடுத்த ஒக்டோபரில் பெருமழை. ட்ரக்டர் புறப்பட ஆயத்தமாகி நின்றது. அத்தான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றுகொண்டு கோட்டுக் கழுத்தை நிமிர்த்திவிட்டார். சின்னவன் அவரைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், சற்றுக் கோபமாகவே சொன்னான்: "அப்பா, ஏறுங்கோ. நனையிறீங்கள்." அத்தான் நகரவில்லை. அவருக்குக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. "ஏறுங்கோ அத்தான்" என்று நானும் சொன்னேன். அவர் ஏறி, பெட்டியின் கடைசி மூலையில், விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி குழியில் இறங்கிக் குலுங்கும்போதெல்லாம் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார். சின்னவனின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் இறங்கவில்லை. பூசணி வயல் வந்ததும் அவன்தான் முதலில் குதித்து ஓடினான்.

வருடங்கள் போய்விட்டன. இப்போது அந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், விரும்பினால் பார்க்கிங்குக்குப் போய் அப்பாவோடு இருந்துவிட்டு வருவார்கள். மூத்தவள் வேலைக்குப் போகிறாள். ஆனாலும் ஒக்டோபர் வந்தால் பூசணித் தோட்டத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை, நானும் போவேன். ஏன் போகிறேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. போன ஒக்டோபரில் மூத்தவள் கார் எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று, "அம்மா, நீங்களும் வாங்கோவன். சும்மா" என்றாள். அக்கா எத்தனையோ முறை மறுத்தவள். அன்றைக்குச் சப்பாத்தைத் தேடி எடுத்துப் போட்டாள்.

பண்ணையில் அத்தான் எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். தலை முழுக்க நரைத்து, சற்று மெலிந்திருந்தார். அக்காவே முதலில் பேசினாள்.

"சுகமோ?"

"ஓம். நீர்?"

"இருக்கிறன். சீனி வருத்தம் எண்டு பிள்ளையள் சொன்னவை. மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களோ?"

"எடுக்கிறன்."

அதற்கு மேல் இரண்டு பேரிடமும் பேச்சு இருக்கவில்லை. ஆனால் விலகியும் போகவில்லை. பிள்ளைகள் தள்ளுவண்டியோடு முன்னால் போக, இருவரும் நடுவில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு, கொடிகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். சேர்ந்துவிட்டார்கள் என்றெல்லாம் இல்லை. சேரப்போவதும் இல்லை. அக்கா பிறகு எனக்கு அதைத் தெளிவாகவே சொன்னாள். நான் எல்லாருடைய கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மரப் பெட்டியில் இருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரையும் நான் கவனிக்கவேண்டியும் இருக்கவில்லை. இத்தனை வருட அலுப்பும் அப்போதுதான் ஒன்றாக வந்து தோளில் இறங்கியது.

திரும்பி வரும் வழியில் மூத்தவள் கார் ஓட்டினாள், சின்னவன் முன்னால். அக்காவும் நானும் பின்னால். நெடுஞ்சாலையில் நீண்ட வரிசை, எல்லாக் கார்களும் நின்று நின்று போயின. வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ சரியாக் களைச்சுப்போனாய், என்ன?"

இந்த வருடங்களில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம் அக்கா" என்றேன். "சரியாக் களைச்சுப்போனன்."

அவள் என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கார் எப்போது நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது.