வாளி இல்லாத படம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைச் சுத்தம் செய்வேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் போக, டைல்ஸ் கம்பெனிகளின் கேட்லாக்கும் எங்களிடம் வரும். ஒருமுறை வந்த குளியலறைப் படத்தில் ஓரமாக ஒரு சிவப்பு வாளி இருந்தது. "அதத் தூக்கிருங்க, பாக்க அசிங்கமா இருக்கு" என்றார் ஆர்டர் கொடுத்தவர். தூக்கினேன். வாளி இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தரையை இழுத்து நிரப்பினேன். இரண்டு நிமிட வேலை.

கடைசியில் அந்தப் படத்தைப் பார்த்தே நான் மயங்கினேன். தன் கையால் செய்த பொய்யைத் தானே நம்புகிற மடச்சி என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டாள்.

எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடியில். நானும் அம்மாவும் மட்டும்தான். குளியலறை ஆறடிக்கு நாலடி. முழங்கால் உயரத்தில் நீளக் கைப்பிடி வைத்த குழாய், அதன் கீழே ஒரு சிவப்பு வாளி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், மூலையில் தண்ணீர் டிரம். அந்தக் கைப்பிடி சும்மா வைத்ததல்ல. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற வேலைக்குப் போன காலத்தில் அம்மாவுக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. வலது கையில் மூன்று விரல்கள் மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. இடது கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. புறங்கையால் தட்டிக் குழாயைத் திறப்பாள். மக்கின் காதில் இரண்டு விரலை நுழைத்து மொண்டு ஊற்றிக்கொள்வாள். தலை பின்ன நான் வேண்டும், ஜாக்கெட் கொக்கி மாட்ட நான் வேண்டும். குளிக்க மட்டும் யாரும் வேண்டாம். கதவைச் சாத்தினால் அரை மணி நேரம் வெளியே வர மாட்டாள். யாருடைய தயவும் இல்லாமல் அவளுக்கு இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான், எங்கள் குளியலறையையும் அந்தப் படம் மாதிரி மாற்ற மதுரையிலிருந்து டிசைனரை வரச் சொன்னேன்.

வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். சுவர் முழுக்கப் பெரிய டைல்ஸ், சுவரில் தொங்குகிற கம்மோடு, கண்ணாடித் தடுப்பு, மேலேயிருந்து மழை போல ஊற்றுகிற ஷவர், எல்லாக் குழாயும் பளபளப்பில்லாத கறுப்பு. "சின்ன பாத்ரூமுக்கு இப்ப இதுதான் மேடம் போய்க்கிட்டு இருக்கு. தரையில ஒண்ணுமே இருக்கக் கூடாது. தரை காலியா இருந்தாத்தான் இடம் பெருசாத் தெரியும்."

"கீழே ஒரு குழாய்?" என்று கேட்டேன்.

"அது வாளி வச்சுக் குளிக்கிறவங்களுக்கு மேடம்" என்றார், ஏதோ வியாதியைச் சொல்வது போல.

அந்த வியாதி எனக்கு இல்லை என்று காட்டிக்கொள்ளத் தலையாட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போல இருக்கிறது. வாளியும் ஸ்டூலும் வாட்ச்மேன் வீட்டுக்குப் போயின. அம்மா ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே வாரத்தில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு, கறுப்பு ஷவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அதைத் தேய்க்கிற கவலையில், அம்மா காலையில் குளிப்பதை நிறுத்திவிட்டதை நான் கவனிக்கவில்லை. "நீ கெளம்பு, வெயில் ஏறட்டும், குளிச்சுக்கிறேன்" என்பாள். நானும் கிளம்பிவிடுவேன்.

ஒரு நாள் அச்சகத்தில் கரண்ட் இல்லாததால் பதினொரு மணிக்கே திரும்பினேன். கீழே மோட்டார் ரூம் பக்கத்துக் குழாயடியில், ஸ்டூலில், நைட்டியோடு நனைந்தபடி அம்மா. வாட்ச்மேன் மனைவி எங்கள் பழைய சிவப்பு வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரை நிறுத்த வந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"எதுக்கும்மா இங்கன வந்து குளிக்க? ஊரு சிரிக்கணுமா?" என்று கத்தினேன். மாடி ஏறுகிறவரை கத்திக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா சொன்னாள், "மொத நாளே அந்த ஷவர் குமிழத் திருப்பினேன். சுடுதண்ணி வந்துட்டு. ரெண்டு கையாலயும் அமுக்கித் திருப்புறேன், நிக்க மாட்டேங்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கமா ஒட்டிக்கிட்டு நின்னேன், ஹீட்டர்ல இருந்தது தீந்து ஆறுற வரைக்கும்."

வெந்த கையோடு இத்தனை வருஷம் இருந்தவளை மறுபடி வெந்நீருக்குப் பயந்து கண்ணாடியோரம் நிற்க வைத்திருக்கிறேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"டைல்ஸ்காரனக் கேட்ட, பெயிண்ட்காரனக் கேட்ட, மதுரக்காரனக் கேட்ட. குளிக்கிறவள ஒரு வார்த்த கேட்டியா?" முதல் முறையாக அம்மாவின் குரல் உயர்ந்தது.

போனை எடுத்து டிசைனரைக் கூப்பிட்டேன். கீழே குழாய் வைக்கணும் என்றதும், "லுக் போயிரும் மேடம். அம்மாவக் குளிப்பாட்ட ஒரு ஆள் போட்டுக்கலாமே" என்றார்.

"ஒங்க லுக்கக் கொண்டுபோயி ஒடப்புல போடுங்க!" என்று போனை வைத்தேன்.

மறுநாள் உள்ளூர்க் கொத்தனார் வந்தார். "புது டைல்ஸ் அக்கா, ஒடச்சா வெடிக்கும்" என்று தயங்கினார். "வெடிக்கட்டும்" என்றேன். மூன்று டைல்ஸ் விரிசல் விட்டன. அம்மாவை நிற்க வைத்து, அவள் புறங்கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பழையபடி நீளக் கைப்பிடி வைத்த குழாயைப் பதித்தோம். வாட்ச்மேன் மனைவியிடம் போய் வாளியையும் ஸ்டூலையும் திருப்பிக் கேட்டேன். கேட்கும்போது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் காய்ந்து உறுதியான காலையில் அம்மா உள்ளே போனாள். வழுக்கிவிடுமோ என்று நான் வாசலிலேயே நின்றேன். புதுக் கதவில் பதித்திருந்தது மங்கலான கண்ணாடி.

"அங்கன என்ன நிக்க? நெழலு தெரியுது. போ அங்கிட்டு" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.

சமையலறைக்குப் போய் நின்றேன். அதற்குப் பிறகுதான் மக் வாளியில் முங்குகிற சத்தம் கேட்டது.