ஒரே நிறத்தில் மலையேறினோம்

குடும்பப் படம் என்றால் முன்பெல்லாம் ஸ்டூடியோவுக்குப் போவோம். அங்கே பின்னால் ஒரு திரை தொங்கும். அதில் ஒரு மலை, ஒரு அருவி, இரண்டு அன்னம் வரைந்திருக்கும். மலைக்குள்ளேயே தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கிற நாங்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய், வரைந்த மலைக்கு முன்னால் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்டு வருவோம். யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை. இப்போது என் மருமகள் காலத்தில் உண்மையான மலைக்கே ஏறிப்போய் எடுக்கவேண்டுமாம். முன்னேற்றம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வரைந்த மலையில் அட்டை கடிக்காது.

ஏன் இந்தப் படம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். லீவில் வந்திருந்தாள். லீவு முடியப் போகிறது. திரும்பிப் போவதற்குள் அவளுக்கு ஒரே ஒரு படம் வேண்டும். தன் பிள்ளையைத் தான் தூக்கி வைத்திருக்க வேண்டும், பிள்ளை அழாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். சின்னதாகக் கேட்டதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்க வளையல் கேட்டிருந்தால் கூடிப் பேசியிருப்பார்கள்.

பிள்ளை பால் மறந்த கையோடு என்னிடம் வந்தவள். பேச்சு வந்தபோது என்னை அம்மா என்றாள். நான் அம்மாயி என்று திருத்திப் பார்த்தேன். அவள் என்னைத் திருத்தினாள். பெற்றவளுக்கு அவளே ஒரு பெயர் வைத்தாள்: போன் அம்மா. போனுக்குள் இருக்கிற அம்மா உள்ளங்கை அகலம்தான் இருப்பாள், சிரிப்பாள், முத்தம் கொடுப்பாள், சார்ஜ் இறங்கினால் போய்விடுவாள். அப்படிப்பட்ட அம்மா ஒரு நாள் கதவு உயரத்துக்கு வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டினால் எந்தப் பிள்ளைதான் போகும்? எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. குவைத் சாப்பாடு அப்படி.

ஒரு நாள் மகள் ஒரு வேலை செய்தாள். லயத்து வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே அடுப்படிக்குப் போய், அங்கிருந்து என் போனுக்கு வீடியோ கோல் எடுத்தாள். பிள்ளை சிரித்துக் குலுங்கி, போனை எச்சிலாக்கி முத்தம் கொடுத்தாள். "என் தங்கம், அம்மாகிட்ட வாரியா?" என்று மகள் கேட்க, இவள் "வாரேன்" என்றாள். அந்தச் சொல்லை நம்பி மகள் போனோடு வெளியே ஓடி வந்தாள். பிள்ளை அலறிக்கொண்டு என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்துகொண்டு குவைத்துக்குப் பேசிய குடும்பம் எங்கள் குடும்பம்தான்.

படம் எடுக்கிற பொறுப்பை மருமகள் எடுத்துக்கொண்டாள். அவள் எதை எடுத்தாலும் அது கல்யாணம் மாதிரி ஆகிவிடும். ஹட்டனில் ஒரே கடையில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் துணி வாங்கி வந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் சேலை, என் மகனுக்கு சேர்ட், பிள்ளைக்குக் கவுன். பீட்ரூட் அவித்த தண்ணீரின் நிறம். அவள் அதை வைன் கலர் என்றாள்.

"எனக்கு எதுக்குடி இது? இதக் கட்டுனா வரம் குடுக்க வார சாமிகூட வீடு மாறி வந்துட்டேன்னு திரும்பிப் போயிரும்."

"மாமி, இது தீம். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்."

"காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்பகூட நாங்க ஆளுக்கொரு கலர்லதான் நின்னோம். வேல வாங்குற கண்டாக்கு ஐயாவே ஒன்னும் சொல்லல."

"அது வேல, மாமி. இது ஷூட்டு."

என் வாழ்க்கையில் நான் செய்ததெல்லாம் வேலை, இனிமேல் செய்யப் போவது ஷூட்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டு கட்டினேன்.

படம் எடுக்க வந்தவன் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முஸ்லிம் தம்பி. நல்ல பிள்ளை. வந்ததும் ஆட்களை எண்ணிப் பார்த்து, "இவங்க மாப்புள?" என்று என் மகளைக் காட்டிக் கேட்டான். மருமகனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. லீவு கிடைக்கவில்லை. "பரவால்ல, போட்டோ ஒன்னு அனுப்பச் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல சேத்துருவேன்" என்றான். அன்று முழுக்க எங்கே நின்றாலும் மகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றோம். இருக்கிற மாப்பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

நாங்கள் ஏறி வந்த வான் தோட்டத்து மேல் டிவிஷனோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தேயிலைக்குள்ளால் ஏறி, தேயிலை முடிகிற இடத்துக்கும் மேலே, புல்லும் பாறையுமாக இருக்கிற உச்சிக்கு நடக்க வேண்டும். அங்கே நின்றால் கொட்டகலைப் பக்கம் முழுக்கத் தெரியும் என்றான் தம்பி. நான் அந்த மலையில் கொழுந்து எடுத்தவள். அங்கே நின்றால் எது தெரிகிறதென்று யாரும் அப்போது என்னைப் பார்க்க விட்டதில்லை.

நான் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து ஏறினேன். என் மகன் பளபளவென்று சப்பாத்து போட்டு வந்தான். லயத்தில் பிறந்து வளர்ந்தும் அட்டைக்குப் பயப்படுகிற ஒரே ஆள் அவன். பாதி வழியில் சப்பாத்துக்குள் அட்டை புகுந்துவிட, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு, "அம்மா, புடுங்குங்கம்மா" என்று நின்றான். தம்பி அதையும் படம் எடுத்தான். மகள் கடைசியாக வந்தாள். பக்கத்தில் வந்தால் பிள்ளை சிணுங்கும் என்று, கேட்காத தூரத்தில் வந்தாள்.

உச்சிக்குப் போனதும் ஷூட்டு தொடங்கியது.

"எல்லாரும் கேமராவப் பாக்காம, எங்கயாச்சும் பாருங்க."

"எங்கன்னு சொன்னா பாப்போம் தம்பி."

"சும்மா தூரத்த பாருங்க பெரியம்மா. கனவு காணுற மாதிரி."

"எனக்குக் கிட்டத்துல இருக்கறதே தெரியல. தூரத்த பாத்தா கனவுதான்."

பிறகு எல்லாரும் ஒன்றாகக் கைகோர்த்துக் குதிக்கச் சொன்னான். நான், "குதிச்சிருவேன். எறங்குறதுக்கு வேற முட்டி கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டேன். என்னை விட்டுவிட்டார்கள். மருமகளின் முந்தானை காற்றில் பறக்க வேண்டுமென்று மகன் அதை ஒரு பக்கம் பிடித்து வீசி வீசி விட்டான். முதல் தடவை அது அவன் முகத்திலேயே சுற்றிக்கொண்டது. கல்யாணமானதிலிருந்து அவன் நிலைமை அதுதான் என்றேன். மருமகளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் தம்பி எடுக்கவில்லை, அப்போது லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக மகளின் முறை வந்தது. அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து சேலையைச் சரி செய்து, கையைத் துடைத்துக்கொண்டாள். நான் பிள்ளையை மெதுவாக அவள் மடியில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் பிள்ளை போட்ட கூச்சலில், கீழே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பவும் வைத்தோம். பொம்மையைக் காட்டினோம். மகன் சப்பாத்தைத் தலையில் வைத்து ஆடினான். ஒன்றுக்கும் மசியவில்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு என் பக்கமே கையை நீட்டினாள்.

"அக்கா, கவலப்படாதீங்க" என்றான் தம்பி. "பெரியம்மாகிட்ட இருக்கறப்ப சிரிக்குது தானே. அத எடுத்து, கம்ப்யூட்டர்ல ஒங்க மடியில வச்சிரலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் தானே தம்பி" என்றாள் மகள். "வேணாம்."

அவள் எழுந்து போய்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி, "அக்கா, அப்புடியே நில்லுங்க, சூப்பர்" என்று நாலைந்து எடுத்தான். அன்றைக்கு எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று மருமகள் இன்றும் சொல்கிறாள். பின்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. மூக்கைச் சிந்துவது தெரியவில்லை.

நான் பிள்ளையை இறக்கிவிட்டேன். அவள் புல்லுக்குள் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பனி ஏறியது. எங்கள் பக்கம் பனி சொல்லிக்கொண்டு வருவதில்லை. பள்ளத்திலிருந்து எழும்பி வந்து, மகனை மூடியது, மருமகளை மூடியது, தம்பியையும் மூடியது.

கொழுந்து மலையில் பனி இறங்கினால் நாங்கள் கூவுவோம். ஒருத்தி மலையின் இந்தத் தொங்கலில் கூவினால் அடுத்தவள் அந்தத் தொங்கலிலிருந்து கூவுவாள். ஆள் விழவில்லை, பாதை தப்பவில்லை என்று அதற்கு அர்த்தம். தோட்டத்தில் பேர் பதியாமல் வேலையை விட்டு நின்று வருஷக்கணக்காகியும், பனியைக் கண்டால் என் தொண்டை தானாகத் திறந்துவிடும். அன்றைக்கும் திறந்தது. சத்தம் வருவதற்குள் பிள்ளை, "அம்மா" என்று கத்தினாள். கத்திக்கொண்டே ஓடி வந்து, கைக்குக் கிடைத்த பீட்ரூட் சேலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அது என் சேலை இல்லை.

மகள் என்னிலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவள் மெதுவாகக் குனிந்து தூக்கினாள். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்தாள். மூச்சுகூட விடாமல் பார்த்தாள்.

நான் வாயை மூடினேன். என் குரல் கேட்டால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

நான் வாயை மூடியதுதான் தாமதம், அந்தப்பக்கம் கலவரம் தொடங்கிவிட்டது.

"அம்மா, எங்க நிக்கிறீங்க? ஒரு கொரல் குடுங்க." மகன்.

நான் நின்றேன்.

"அம்மோவ். கூவுங்கம்மா."

"அல்லாவே, பெரியம்மா வெளிம்புப் பக்கமாத்தானே நின்டாங்க" என்றான் தம்பி.

என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். கோயிலில் பூசை நேரத்தில்கூடப் பேசுகிற ஆள். நான் பேசவில்லை என்றால் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும், வேறு காரணமே இருக்க முடியாது. மருமகள் அழத் தொடங்கினாள். "ஐயோ மாமி, நான்தானே கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தேன், ஒங்கள பறிகொடுத்துட்டேனே" என்று இழுத்தாள். எனக்கான ஒப்பாரியை நான் உயிரோடு நின்று கேட்டேன். சுமாராகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு சொட்டுக் கண்ணீர் உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். அவ்வளவு பகடியை ஒரே நேரத்தில் விழுங்கினால் வயிறு வலிக்கும்.

பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. முதலில் என்னைக் கண்டது மகன்.

"வாயில என்னாம்மா கொழுக்கட்டையா? எத்தன தடவ கூப்புட்டோம்."

நான் உதட்டில் விரலை வைத்து, தலையால் காட்டினேன். அவன் திரும்பிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டான். மருமகளும் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். அவனுடைய கை தானாகக் கேமராவைத் தூக்கியது.

மகள் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அக்கா, ஒன்னே ஒன்னு" என்றான், குரல் வராமல் வாயை மட்டும் அசைத்து.

அவள் திரும்பவும் தலையை ஆட்டினாள். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இறங்கத் தொடங்கினாள். அந்தப் படத்துக்காகத்தான் நாங்கள் அத்தனை பேரும் அட்டைக்கு ரத்தம் கொடுத்து ஏறினோம். கேமராவை விட்டுவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். மகன் தூக்க உதவி செய்யக் கை நீட்டினான், கொடுக்கவில்லை. வழுக்கின இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். சேலை நாசம். மருமகள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் கடைசியாக, பிள்ளையின் கண்ணில் படாத மாதிரி வந்தேன். வாய் திறக்கவில்லை.

வான் தெரிகிற இடத்துக்கு வந்தபோது பிள்ளை தலையை நிமிர்த்தினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். நான் தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்றுவிட்டேன். கூச்சலுக்காகக் காத்திருந்தோம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நம் ஊர்க் கடையில் சில்லறை சரியா என்று பார்க்கிற மாதிரி. மகள் இமைக்கவில்லை.

"பிஸ்கட்" என்றாள் பிள்ளை.

மகளிடம் பிஸ்கட் ஏது? என் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. மருமகளிடம் நீட்டினேன். மருமகள் ஓடிப்போய்க் கொடுத்தாள். மகள் ஒற்றைக் கையால் பொட்டலத்தைப் பிடித்து, பல்லால் கிழித்து, ஒன்றை எடுத்து நீட்டினாள். பிள்ளை வாங்கி ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டே அந்த முகத்தைத் திரும்பவும் பார்த்தாள். பிறகு மீதிப் பாதியை எச்சிலோடு மகளின் வாயில் திணித்தாள்.