நடுவில் இருந்த எழுத்துகள்

பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா? தலையையும் வாலையும் பார்த்துவிட்டு அழுத்தியவர்தானே நீங்களும்? அப்படியானால் பார்சல் அக்காவை முட்டாள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரக்கூடாது.

பார்சல் கிடங்கில் அவளுடைய பிழைப்பே அதுதான். பெல்ட்டில் ஓடிவரும் பெட்டியின் நீண்ட எண்ணில் முதல் நாலும் கடைசி நாலும் கண்ணில் பட்டால் போதும். கை தானாகச் சரியான கூண்டில் தள்ளிவிடும். நடுவில் இருப்பதைப் படித்துக்கொண்டு நின்றால் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கப்பலில் வேலை பார்த்த அவள் தம்பியை முதலாளி அந்நியத் துறைமுகத்தில் கைகழுவிவிட்டான். அங்கே வங்கி வழியாகப் பணம் போகாது. ஊர் திரும்பும் செலவைக் கிரிப்டோ என்னும் இணையக் காசில் அனுப்பச் சொன்னான் தம்பி. முதலில் சோதனைக்குக் கொஞ்சம் அனுப்பினாள், போய்ச் சேர்ந்தது. மீதியை அனுப்ப, போனில் பழைய வரவு-செலவுப் பட்டியலைத் திறந்து, மேலே இருந்த முகவரியை, அதாவது கணக்கு எண் போன்ற நீண்ட எழுத்து வரிசையை, எடுத்துப் போட்டாள். முதல் நாலு எழுத்து சரி. கடைசி நாலும் சரி.

ஆனால் அது தம்பியின் முகவரி அல்ல. கிரிப்டோவில் யார் யாருக்கு அனுப்பினாலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; அவளுடைய சோதனைப் பணத்தைப் பார்த்து, தலையும் வாலும் ஒத்துப்போகும்படி ஒரு திருடன் உருவாக்கியது. அதிலிருந்து அவளுக்குத் துளிக் காசு அனுப்பி, பட்டியலில் மேலே ஏறி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இன்னும் வரலையே."

"நல்லாப் பாருடா!"

"பாத்துப் பாத்து கண்ணே போச்சு. கேன்சல் பண்ணிட்டு மறுபடி அனுப்புக்கா."

அதற்குப் பொத்தானே இல்லை. உறுதியாகிவிட்ட கிரிப்டோ பணத்தை நிறுத்த மேலாளர் யாரும் கிடையாது. வாங்கியவன் மனம் வைத்துத் திருப்பினால்தான் உண்டு. இதைச் சுதந்திரம் என்று கூவி விற்றவர்கள், யாருடைய சுதந்திரம் என்று சொன்னார்களா?

இணையத்தில் உதவி கேட்டு எழுதினாள். உடனே ஒருவன் கூப்பிட்டான்.

"ரத்து பண்ணித் தரோம் மேடம். முன்பணம் மட்டும் கட்டுங்க."

முன்பணத்துக்கு விற்க வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டாள்: "எப்படி ரத்து பண்ணுவீங்க?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"புரியாததுக்கு நான் எதுக்குய்யா காசு கட்டணும்?" போனை வைத்துவிட்டாள்.

அந்த வளையலை விற்றுத் தம்பிக்குச் சாப்பாட்டுக்கு அனுப்பினாள். பயணத்துக்கு அது போதவில்லை. அவன் இன்னும் துறைமுகத்தில்தான் படுத்துக்கிடக்கிறான். காவல் நிலையத்திலோ, "போனது போனதுதாம்மா" என்று புகாரே வாங்காமல் அனுப்பிவிட்டார்கள்.

அது அநியாயம். அந்தக் காசை ரொக்கமாக்கத் திருடன் ஏதேனும் பரிமாற்ற நிறுவனத்தின் வாசலுக்கு வரக்கூடும். போலீஸ் சீக்கிரம் எழுதிக் கேட்டால், அங்கே அதை முடக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. உங்கள் தெருவில் யாராவது இப்படி ஏமாந்தால், அன்றைக்கே அவரோடு காவல் நிலையத்துக்கு நடங்கள். புகாரைப் பதிந்து நகல் தரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.