மாமாவின் கணுக்காலை மிதித்த மூன்று மாலைகள்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும். குற்றவாளி நானே. அப்போது எனக்கு வயது ஒன்பது.

தலைக்கு முன்னால் கால்களை நீட்டிக்கொண்டு பிறந்தவன் நான். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது மேலூரில் எங்கள் தெருவின் அசையாத நம்பிக்கை. மாலையில் பள்ளி விட்டு வந்தால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேராவது எனக்காகக் காத்திருப்பார்கள். மேடையில் ஏறுவதற்கு முன்பே மனிதர்கள் மீது ஏறிப் பழகியவன் நான்.

என் தாய்மாமன் பேருந்து நடத்துநர். மேலூருக்கும் மதுரைக்கும் இடையே நாள் முழுவதும் நின்றே பிழைப்பவர். ஒருநாள் அவருடைய வலது கணுக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அம்மா கெஞ்சினார்.

"விழல, இடறல, ஒருத்தன் மிதிக்கக்கூட இல்ல. அங்க போயி என்னத்தச் சொல்ல? மாப்ள, நீ ஏறுடா!"

"அண்ணே, சுகர் மாத்திரை போட்டியா இல்லயா?"

"இந்த வாரம் விசேஷம் ஒண்ணும் இல்லயே."

இனிப்புச் சாப்பிடும் நாளில் மட்டுமே அந்த மாத்திரை தேவை என்பது மாமாவின் கொள்கை. கல்யாணப் பந்தியில் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் இரண்டாவது ஜாங்கிரி கேட்பார்.

நான் ஏறினேன். மாமா சிரித்தார். "கொஞ்சங்கூட வலிக்கலடா மாப்ள! இன்னும் அழுத்து!"

அழுத்தினேன். மூன்று மாலைகள் மிதித்தேன். மூன்று பகல்கள் அவர் அதே காலோடு டிக்கெட் கிழித்தார். என்னைவிடத் திறமையானவன் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று அம்மாவிடம் அறிவித்தேன்.

நான்காம் நாள், பேருந்தில் ஏறிய மாமாவின் பாதம் ஒருபக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவர் சும்மா நிற்க, அதைப் பார்த்த ஓட்டுநர்தான் அலறினார்.

மதுரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த மருத்துவர், எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருப்பதாகச் சொன்னார். "எப்ப விழுந்தீங்க?"

"விழவே இல்ல சார்."

மருத்துவர் அதை உடனே நம்பினார். "பல வருஷமா கட்டுப்படாத சுகர். நரம்பு மரத்துப்போச்சு, எலும்பும் பலமில்ல. இப்படிப்பட்ட காலு சும்மா நடந்தாலே உடையும். ஆனா இத யாரோ போட்டு நசுக்கியிருக்காங்களே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த கண்தான விளம்பரத்தை இரண்டு முறை வாசித்தேன்.

மாவுக்கட்டுப் போட்டார்கள். மாதக்கணக்கில் அந்தக் கால் தரையில் படக்கூடாது. அதன் பிறகும் தினமும் இரண்டு பாதங்களையும் பார்த்தாக வேண்டும், சின்னப் புண்ணைக் கவனிக்காமல் விட்டாலும் காலே போய்விடலாம் என்றார் மருத்துவர். மாமா தலையைத் தூக்கித் தம் பாதங்களைத் தேடினார். இடையில் தொப்பை இருந்தது.

"நின்னு பாக்குற வேல சார்," என்றார் மெல்ல. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

வலிக்கவில்லை என்பதே அந்த நோய் என்று மிதித்தபோது எனக்கு விளங்கவில்லை. அந்தக் காலின் மௌனத்தை நான் எனக்கான கைதட்டலாக எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டாததுதான் தாங்கவில்லை. வார்டு முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தேன்:

"மாமா, தெனமும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ஒங்க ரெண்டு பாதத்தையும் நான் பாத்துட்டுத்தான் போவேன். கையாலதான் தொடுவேன்!"